மூன்று கூட்டல் குறிகள்

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வாரம் இரண்டு நாள் 'திக்தே' உண்டு. திக்தே என்றால் சொல்வதெழுதுதல். புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் வயிற்றில் லேசாக ஏதோ புரளும். முசியே வகுப்புக்குள் வந்ததும் மேசையை ஒரு தட்டுத் தட்டி "அத்தான்சியோன்!" என்பார். கவனி என்று பொருள். பிறகு ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திப் படிப்பார். நிறுத்தற்குறிகளையும் வாயாலேயே சொல்லுவார். காற்புள்ளி என்றால் "வீர்குய்ல்". முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும் என்றால் "பொவேன், அ லா லீஞ்".

ஒரு முறை காரைக்காலிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பையன் ஒருவன், அந்தப் "பொவேன், அ லா லீஞ்" என்பதையும் அழகான கையெழுத்தில் வார்த்தைகளாகவே எழுதி வைத்துவிட்டான். ஒரு தடவை அல்ல, ஏழு தடவை. வகுப்பு முழுவதும் சிரித்தது. முசியே அடிக்கவில்லை. "எழுதச் சொல்லும் வார்த்தையும், எப்படி எழுதுவது என்று சொல்லும் வார்த்தையும் என் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன. இரண்டாவது வகையைச் சொல்லும்போது முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனமாக இருப்பேன். அந்த மௌனத்தைக் கவனி" என்றார்.

சுமார் நாற்பது வருஷம் கழித்து, 2000-ஆம் ஆண்டில், அந்தப் பையன் செய்த தவறை என் வீட்டு மேசையில் இருந்த ஒரு பெட்டி செய்தது. அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமானால் கூடவே மோடத்தின் கதையையும் சொல்லியாக வேண்டும்.

இன்றைய பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. அப்போது இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வந்தது. கணினிக்கும் தொலைபேசிக்கும் நடுவில் மோடம் என்று ஒரு பெட்டி இருக்கும். கணினியின் எண்களை அது ஓசையாக மாற்றிக் கம்பியில் அனுப்பும். மறுமுனையிலிருந்து வரும் ஓசையைத் திரும்ப எண்களாக மாற்றித் தரும். இணைப்புக் கிடைக்கும்போது கீச்சென்றும் கரகரவென்றும் அது போடும் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. என் வீட்டுக்கு அது வந்து சேர இன்னும் சில வருஷம் பிடித்தது.

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. அதில் கணினியைப் பேச வைக்கும் முயற்சி 1950-களிலேயே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. 1960-களின் தொடக்கத்தில் பெல் நிறுவனம் கொண்டுவந்த 103 என்னும் மோடம் விநாடிக்கு 300 பிட் அனுப்பியது. எழுத்தில் சொன்னால் விநாடிக்கு ஏறக்குறைய 30 எழுத்துகள். நல்ல தட்டச்சரை விட வேகம், அவ்வளவுதான்.

ஆனால் யார் வேண்டுமானாலும் ஒரு பெட்டியைச் செய்து தொலைபேசிக் கம்பியில் மாட்டிவிட முடியாது. பெல் நிறுவனத்தின் கருவி தவிர வேறு எதுவும் அதன் கம்பியைத் தொடக்கூடாது என்பது அன்றைய விதி. அதனால் மற்றவர்கள் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். தொலைபேசியின் கைப்பிடியை இரண்டு ரப்பர்க் கிண்ணங்களுக்குள் கவிழ்த்து வைப்பது. ஒரு கிண்ணத்தில் ஒலிபெருக்கி, மற்றதில் ஒலிவாங்கி. கம்பியைத் தொடவில்லை, காற்று வழியாக ஓசைதான் போகிறது என்று வாதாடலாம். இந்த ஏற்பாட்டில் எண்ணைச் சுழற்றுவது மனிதக் கைதான். எண்ணைச் சுழற்றி, மறுமுனையில் விசில் சத்தம் கேட்டதும், கைப்பிடியைக் கிண்ணத்தில் வைக்க வேண்டும்.

டெக்சாஸைச் சேர்ந்த டாம் கார்ட்டர் என்பவர், வானொலிக் கருவியைத் தொலைபேசியோடு இணைக்கும் கார்ட்டர்ஃபோன் என்ற ஒன்றை விற்றுவந்தார். அது வழக்காகி, 1968-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகும் தடைகள் இருந்தன. 1970-களின் இரண்டாம் பாதியில்தான், பதிவு பெற்ற எந்தக் கருவியையும் நேரடியாகக் கம்பியில் செருகலாம் என்ற நிலை வந்தது. கணினி தானே எண்ணைச் சுழற்றலாம் என்று சாதாரண மனிதன் நினைத்துப் பார்க்க முடிந்தது அப்போதுதான்.

பெரிய நிறுவனங்களுக்கு அதற்கு முன்பே ஒரு வழி இருந்தது. பெல் 801 என்று எண்ணைச் சுழற்றுவதற்கென்றே தனிப் பெட்டி. அதற்குத் தனிக் கம்பி. தகவல் ஒரு கம்பியில் மோடத்துக்குப் போகும். எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்ற உத்தரவு வேறொரு கம்பியில் 801-க்குப் போகும். என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இது சட்டென்று புரியும். அரசாங்கக் கோப்பில் குறிப்புப் பகுதி தனி, கடிதப் பகுதி தனி. "இதைச் சுருக்கவும்" என்று அதிகாரி எழுதுவது குறிப்புப் பகுதியில். ஊருக்குப் போவது கடிதப் பகுதி. இரண்டும் கலக்கக்கூடாது. கலந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஓர் அலுவலகத்தில், வரைவின் ஓரத்தில் அதிகாரி எழுதிய "இது தேவையா?" என்ற கேள்வியும் சேர்ந்து தட்டச்சாகி மேலிடத்துக்குப் போய்விட்டது. தேவைதான் என்று அங்கிருந்து பதில் வந்தது.

பிரான்சில் வேறு வழியில் போனார்கள். 1989-இல் ஒருமுறை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று அங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டவர். அவர் வீட்டுக் கூடத்தில் மினிடெல் இருந்தது. சிறிய திரை, மடக்கு விசைப்பலகை, உள்ளேயே மோடம். தபால் தந்தித் துறை வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்தது. தொலைபேசி எண் விசாரிக்க வேண்டுமானால் தொலைபேசியை எடுத்து 11 என்று அழுத்த வேண்டும். விசில் சத்தம் கேட்டதும் 'கொனெக்சியோன்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு, கைப்பிடியை வைத்துவிட வேண்டும். திரையில் எழுத்து வரும். முதல் மூன்று நிமிஷம் கட்டணம் கிடையாது. மினிடெல் 1982-இல் நாடெங்கும் பரவத் தொடங்கி 2012 ஜூன் 30 வரை ஓடியது. திரைக்கு வரும் தகவல் 1200 பிட் வேகத்தில், நாம் தட்டுவது 75 பிட் வேகத்தில். அங்கே எண்ணை அழுத்துவது மனிதர், பேசுவது கருவி. அந்தப் பங்கீட்டில் குழப்பத்துக்கே இடமில்லை.

குழப்பத்துக்கு இடம் உண்டாக்கியதும், அதைத் தீர்த்ததும் அட்லாண்டா நகரத்து இரண்டு பேர். டென்னிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன். இருவரும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். 1977-இல் ஹேய்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து, வீட்டுக் கணினிகளுக்கு மோடம் செய்ய ஆரம்பித்தார்கள். முதலில் செய்தவை கணினிக்குள்ளேயே செருகும் அட்டைகள். உள்ளே இருக்கும் அட்டைக்குக் கணினி நேராக உத்தரவு கொடுத்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு வகைக் கணினிக்கும் வேறு வேறு அட்டை செய்தாக வேண்டும். எல்லாக் கணினிக்கும் பொருந்துகிற மாதிரி வெளியே வைக்கும் பெட்டியாகச் செய்தால் என்ன? அப்படி 1981-இல் வந்ததுதான் ஸ்மார்ட்மோடம்.

கணினிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே ஆர்.எஸ்.-232 என்ற ஒரே ஒரு கம்பி. எழுத்துகள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். உத்தரவுக்கென்று தனிக் கம்பி கிடையாது. ஆகவே உத்தரவையும் எழுத்தாகவே அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். கோப்பின் குறிப்புப் பகுதியும் கடிதப் பகுதியும் ஒரே தாளுக்கு வந்துவிட்டன.

ஒவ்வொரு உத்தரவும் ஏ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அட்டென்ஷன் என்பதன் முதல் இரண்டு எழுத்து. எங்கள் முசியேயின் அதே "அத்தான்சியோன்"! இந்த எழுத்துகளில் இன்னொரு சாமர்த்தியமும் இருந்தது. ஏ என்ற எழுத்தை மின்துடிப்பாக அனுப்பும்போது, தொடக்கத் துடிப்பு தனியாக நின்று, உடனே எதிர்நிலை வரும். அந்தத் தொடக்கத் துடிப்பின் நீளத்தை அளந்தால், கணினி எந்த வேகத்தில் பேசுகிறது என்று மோடம் தெரிந்துகொள்ளும். மேலும் ஏ எழுத்தில் இருக்கும் ஒன்றுகள் இரண்டு, டி எழுத்தில் மூன்று. ஒன்று இரட்டைப்படை, மற்றது ஒற்றைப்படை. இரண்டையும் பார்த்தால், பிழை சரிபார்க்கும் பிட்டைக் கணினி எந்த முறையில் சேர்க்கிறது என்பதும் புரிந்துவிடும். கூப்பிட்டவுடனேயே, கூப்பிடுகிறவர் எந்த ஊர்ப் பேச்சுப் பேசுகிறார் என்று கண்டுகொள்வது போல.

அதற்கடுத்த எழுத்துகள்தான் வேலையைச் சொல்லும். டி என்றால் எண்ணைச் சுழற்று. அதோடு பி சேர்த்தால் பழைய சுழல்வட்டு முறையில் கடகடவென்று துடிப்பாக அனுப்பும். டி சேர்த்தால் பொத்தான் தொலைபேசி மாதிரி ஓசையாக அனுப்பும். நடுவில் காற்புள்ளி போட்டால் இரண்டு விநாடி நிற்கும். அலுவலகத்தில் வெளி இணைப்புக்கு முதலில் பூஜ்யம் சுழற்ற வேண்டும் அல்லவா, அங்கே பூஜ்யத்துக்குப் பிறகு ஒரு காற்புள்ளி. எச் என்றால் தொலைபேசியை வை. ஏ என்றால் மணி அடிக்கிறது, எடு. இசட் என்றால் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு. மோடம் பதிலும் சொல்லும். "ஓகே", "கனெக்ட்", "பிஸி", "நோ கேரியர்". கடைசியாகச் சொன்னது, இணைப்பு அறுந்துவிட்டது என்பதற்கு.

இந்த மொழியை நான் கற்றுக்கொண்டது ஆசையால் அல்ல, வேறு வழியில்லாமல். மோடம் வாங்கிய முதல் நாளே "நோ டயல்டோன்" என்று சொல்லிவிட்டது. தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தால் எனக்கு டயல் டோன் நன்றாகக் கேட்கிறது. மோடத்துக்குக் கேட்கவில்லை. கணினிக் கடைப் பையன் வந்து விஷயத்தைச் சொன்னான். அமெரிக்க டயல் டோன் 350, 440 என்ற இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்த ஒரே சீரான ஓசை. நம்முடையது 400 அதிர்வெண்ணில் லேசாக நடுங்குகிற ஓசை. மோடம் தன் ஊர் ஓசைக்காகக் காத்திருக்கிறது! அவன் அமைப்புப் பெட்டியில் எக்ஸ்3 என்று தட்டினான். டயல் டோனுக்குக் காத்திருக்காதே, ஆனால் மறுமுனை பிஸியாக இருந்தால் மட்டும் சொல் என்று அதற்குப் பொருள். இணைப்பு வந்துவிட்டது.

அந்தப் பையன் போன பிறகு மோடத்தோடு வந்த சிறு புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, விதிநூல் படிக்கிற பழக்கத்தில் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எஸ் என்ற எழுத்தோடு எண் சேர்ந்தால் அது ஒரு பதிவேடு. எஸ்0 என்பதில் எத்தனை மணி அடித்ததும் எடுக்க வேண்டும் என்று எழுதலாம். எஸ்7-இல் மறுமுனையின் விசிலுக்கு எத்தனை விநாடி காத்திருக்கலாம் என்று எழுதலாம். ஒரு நாள் என் மனைவி, "ராத்திரி பதினோரு மணிக்கு அந்தப் பிசாசுக் கத்தல் அவசியமா?" என்று கேட்டாள். புத்தகத்தைப் புரட்டி எம்0 என்று சேர்த்தேன். மோடம் வாய் மூடிக்கொண்டது. அவளுக்கு என் மேல் ஏற்பட்ட மரியாதை ஒரு வாரம் நீடித்தது.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். இணைப்புக் கிடைத்தவுடன் மோடத்தின் வேலை மாறிவிடுகிறது. அதுவரை நாம் தட்டிய எழுத்துகள் அதற்கு இட்ட உத்தரவு. இனிமேல் தட்டுவதெல்லாம் மறுமுனைக்குப் போகவேண்டிய தகவல். அப்படியானால் இணைப்பின் நடுவே "தொலைபேசியை வை" என்று மோடத்திடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அதையும் தகவல் என்று நினைத்து மறுமுனைக்கு அனுப்பிவிடுமே! ஏதாவது ஓர் அடையாளச் சொல் வேண்டும். மூன்று கூட்டல் குறிகளை அடையாளமாக வைத்தார்கள். ஆனால் யாராவது கடிதத்தின் நடுவில் மூன்று கூட்டல் குறி போட்டுவிட்டால்?

இதற்கு ஹெதரிங்டன் கண்ட வழி எங்கள் முசியேயின் வழியேதான். மௌனம். மூன்று கூட்டல் குறிக்கு முன்னால் ஒரு விநாடி எதுவும் வரக்கூடாது. பின்னால் ஒரு விநாடி எதுவும் வரக்கூடாது. அப்படி வந்தால்தான் அது உத்தரவுக்கான அழைப்பு. கணினி கடிதத்தை அனுப்பும்போது எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். நடுவில் ஒரு விநாடி நின்று, மூன்று கூட்டல் குறி போட்டு, மறுபடி ஒரு விநாடி நிற்பது ஏறக்குறைய நடக்காத காரியம். இந்த உத்திக்கு 1985-இல் காப்புரிமை கிடைத்தது. ஹேய்ஸின் உத்தரவு மொழியை மற்ற நிறுவனங்கள் தாராளமாக எடுத்துக்கொண்டன. ஆனால் மௌனத்துக்குக் காசு கேட்டது ஹேய்ஸ் நிறுவனம். வழக்கு நடந்தது. ஹேய்ஸ் வென்றது. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

காசு கொடுக்க விரும்பாத சிலர் வேறு வழி பார்த்தார்கள். மௌனம் வேண்டாம், மூன்று கூட்டல் குறியை ஒட்டியபடியே ஏ, டி என்று தொடங்கும் முறையான உத்தரவு வந்தால் அதை உத்தரவாக எடுத்துக்கொள்வது. அப்படி ஒரு தொடர் சாதாரணக் கடிதத்தில் எங்கே வரப்போகிறது என்பது அவர்கள் கணக்கு. வரும், வந்தால் இணைப்பு அறுந்துபோகும் என்று ஹேய்ஸ் தரப்பு எச்சரித்தது. போட்டிக்காரன் பேச்சு என்று பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் மோடம் அந்த இரண்டாவது ஜாதி. எனக்கு அது தெரியாது.

2000-ஆம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை, அம்மாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வியாழக்கிழமை நாள் குறித்தார். அம்மாவுக்கு எண்பதை நெருங்கிய வயது. அண்ணனுக்குத் தெரிவிக்க வேண்டும். என் தொலைபேசியில் வெளிநாட்டு அழைப்பு வசதி கிடையாது. பூத்துக்குப் போக வேண்டும். நிமிஷக் கணக்கில் காசு ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு இப்படி ஒரு செய்தியைச் சொல்வதை விட, விவரமாக மின்னஞ்சல் எழுதுவது நல்லது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அண்ணனிடம் அதை வாயால் சொல்ல எனக்குத் தயக்கமாகவும் இருந்தது.

செவ்வாய் மாலை உட்கார்ந்து பிரெஞ்சில் எழுதினேன். முதல் பாதியில் அம்மாவின் நிலை, டாக்டர் சொன்னது, நாள், ஆஸ்பத்திரி. அண்ணன் மகன் அப்போது துலூஸில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தான். முந்தின வாரம் அவன், "சித்தப்பா, உங்கள் மோடத்தில் என்னென்ன உத்தரவு பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டிருந்தான். அதற்கும் இதிலேயே பதில் எழுதிவிடலாம் என்று, கடிதத்தின் பிற்பாதியில் எனக்குத் தெரிந்த உத்தரவுகளை வரிக்கு ஒன்றாகப் பட்டியல் போட்டேன். கடைசி வரி, இணைப்பைத் துண்டிக்கும் உத்தரவு. மூன்று கூட்டல் குறி, அதை ஒட்டி ஏடிஎச்.

அனுப்பினேன். பாதியில் இணைப்பு அறுந்தது. மறுபடி இணைத்தேன். மறுபடி அறுந்தது. மழைக்காலம், கம்பியில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். புதன்கிழமை காலை தொலைபேசி அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். லைன்மேன் வந்து பார்த்து, "சார், லைன் நல்லா இருக்கு" என்றார். அவரை நம்பவில்லை. அன்று மாலை வேறு இரண்டு பேருக்கு எழுதிய கடிதங்கள் ஒழுங்காகப் போயின. இது மட்டும் போகவில்லை. அதில் ஒரு துப்பு இருக்கிறது என்பது கூட மண்டையில் உறைக்கவில்லை.

அன்று இரவு ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டாள். "பெரியவனுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லியாச்சும்மா. கடுதாசி போயிடுச்சு" என்றேன்.

நாளைக்குப் போய்விடும் என்ற நம்பிக்கையில் சொன்னதுதான். ஆனாலும் பொய். அலுவலகத்தில் பல வருஷம் டெஸ்பாட்ச் பதிவேடு எழுதியவன் நான். தபால் வெளியே போகாமல் பதிவேட்டில் எண் போட்டது கிடையாது. அம்மாவிடம் போட்டேன்.

வியாழன் காலை ஓடிய ஓட்டத்தில் மறுபடி முயற்சி செய்ய நேரமில்லை. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வெள்ளிக்கிழமை பூத்துக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிறிது நேரம் பேசவில்லை. மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்றியேடா. நான் வந்திருக்க மாட்டேனா?" என்றார். ஒரு தடவைதான் சொன்னார். மோடம், மழை, கம்பி என்று நான் சொன்ன காரணங்கள் என் காதுக்கே நன்றாக இல்லை.

அவரிடமிருந்து பிள்ளை போனை வாங்கினான். "சித்தப்பா, வேற மெயில் போகுது, இது மட்டும் போகலைன்னா, இதுல என்ன எழுதியிருக்கீங்க?" என்றான். சொன்னேன். "கடைசி வரியைப் படிங்க." படித்தேன். பிளஸ், பிளஸ், பிளஸ், ஏ, டி, எச். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "நீங்க எழுதினதை உங்க மோடம் எனக்கு அனுப்பலை சித்தப்பா. அதுக்கே சொன்னதா நினைச்சு, ஒவ்வொரு தடவையும் போனை வச்சிடுச்சு." எஸ்2=255 என்று போட்டால் அந்த அடையாளமே செயல்படாது என்றும் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். வீட்டுக்கு வந்து போட்டேன். அந்தக் கடிதம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது, மூன்று நாள் தாமதமாக.

இந்த ஓட்டையைக் குறும்புக்காரர்கள் 1990-களின் கடைசியிலேயே கண்டுபிடித்திருந்தார்கள் என்று பிறகு படித்தேன். நம் கணினிக்கு ஒரு சிறு தகவல் பொட்டலத்தை அனுப்பி, அதை அப்படியே திருப்பி அனுப்பச் சொல்வது இணையத்தில் சாதாரண நடைமுறை. அந்தப் பொட்டலத்துக்குள் இதே தொடரை வைத்துவிட்டால், நம் கணினி அதைத் திருப்பி அனுப்பும்போது, நம் மோடமே அதைப் படித்துவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடும். மௌனத்துக்குக் காசு கொடுத்த மோடங்களுக்கு இந்தத் தொல்லை வரவில்லை.

ஹேய்ஸ் நிறுவனம் நிலைக்கவில்லை. ஹெதரிங்டன் 1985-லேயே விலகிவிட்டார். மோடம் விலை சரியச் சரிய நிறுவனம் தள்ளாடியது. 1994-இல் ஒரு முறை திவால் பாதுகாப்புக் கேட்டது, 1998-இல் மறுபடியும். 1999-இன் தொடக்கத்தில் கதை முடிந்தது. ஆனால் அவர்கள் உண்டாக்கிய மொழி முடியவில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதை ஏற்று விதியாக்கியது. இன்று அந்த விதிக்கு வி.250 என்று பெயர். கைப்பேசிக்கான விதிகளை எழுதியவர்களும் அதையே எடுத்து நீட்டிக்கொண்டார்கள். கைப்பேசிக்குள் இருக்கும் மோடத்திடம் சிக்னல் எவ்வளவு என்று கேட்பதும், குறுஞ்செய்தி அனுப்பச் சொல்வதும் ஏ, டி என்று தொடங்கும் உத்தரவுகளால்தான். சிம் அட்டை போட்டு இயங்கும் எத்தனையோ கருவிகள் இப்போதும் அந்த இரண்டு எழுத்துக்குத்தான் திரும்பிப் பார்க்கின்றன.

அம்மா அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தாள். அண்ணன் அடுத்த கோடையில் வந்து இரண்டு மாதம் தங்கி, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடிதம் போகாததைப் பற்றி அவளிடம் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது இருவரும் இல்லை.

அந்த மோடம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. சென்ற மாதம் பேரன் எடுத்துப் பார்த்து, "தாத்தா, இது என்ன?" என்று கேட்டான். கணினியைத் தொலைபேசியில் பேச வைக்கும் பெட்டி என்றேன். "நாம சொன்னதைக் கேக்குமா?" என்றான். கேட்கும், ஆனால் நாம் அதனிடம் சொல்கிறோமா, அண்ணன் தாத்தாவிடம் சொல்கிறோமா என்பதுதான் அதற்குத் தெரியாது என்றேன். அவனுக்குப் புரியவில்லை. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, போன் போட்டுச் சொல்லிவிடு என்று மட்டும் சொல்லிவைத்தேன்.